சிகாகோவை நான்கு நாளில் நிதானமாகப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் நம் பெற்றோர் பலர் சிகாகோவைப் பார்ப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில்தான். புறநகர் வீட்டிலிருந்து காரில் கிளம்புவார்கள். பார்க்கிங் தேடியே அரை மணி நேரம் போய்விடும். ‘பீன்’ சிற்பத்தின் முன்னால் ஒரு படம், வில்லிஸ் டவருக்குக் கீழே அண்ணாந்து நின்று ஒரு படம், அப்புறம் அரோரா பாலாஜி கோயில், வீடு. என் அம்மாவும் அப்பாவும் முதல் முறை வந்தபோது நானும் அப்படித்தான் அழைத்துப் போனேன். இரண்டாம் முறை வந்தபோது ஊருக்குள்ளேயே மூன்று இரவு தங்கினோம், கார் இல்லாமல். ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தது அந்த நான்கு நாளைப் பற்றித்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: சிகாகோவுக்குக் குறைந்தது மூன்று இரவு கொடுங்கள், ஊருக்குள் தங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு பகுதியை மட்டும் பாருங்கள். பிள்ளைகள் வீட்டுக்கு வருபவர்கள், வேலை விஷயமாக வந்து சில நாள் கூடுதலாக இருப்பவர்கள், நேராகச் சுற்றிப் பார்க்கவே வருபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

எந்த மாதம் வருவது?

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். 2019 ஜனவரி 30 அன்று இந்த ஊரில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. அவ்வளவு குளிர் அபூர்வம். ஆனால் ஜனவரியில் மைனஸ் 10 என்பது சாதாரணம். ஏரிக்காற்றும் சேர்ந்துகொண்டால் முகத்தில் ஊசி குத்துவது போலிருக்கும். நடந்து பார்க்க வேண்டிய ஊரை அந்த நேரத்தில் நடந்து பார்க்க முடியாது.

மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் முடிய ஒரு நல்ல காலம். செப்டம்பர் முழுவதும், அக்டோபர் முதல் பாதியும் இன்னொரு நல்ல காலம். ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் செப்டம்பர் என்பேன். பள்ளிகள் திறந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். கோடை முழுதும் வாங்கிய சூட்டை ஏரி இன்னும் வைத்திருக்கும், மாலைக் காற்று இதமாக வரும். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நமக்குப் பொருட்டில்லை. ஆனால் அறை வாடகை ஏறிவிடும்.

தேதி குறிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஜூலை கடைசியையும் ஆகஸ்ட் தொடக்கத்தையும் ஒட்டி கிராண்ட் பார்க்கில் லொல்லாபலூசா இசை விழா நடக்கும். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு சிகாகோ மாரத்தான். மெக்கார்மிக் பிளேஸ் அரங்கில் பெரிய மாநாடு எதுவும் நடந்தாலும் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே வாடகை கணிசமாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

விசா

சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் பி1/பி2 விசா. டிஎஸ்-160 விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் 185 டாலர். இதற்கு மேல் புதிய கட்டணங்கள் வந்திருக்கின்றனவா என்று பணம் கட்டும் நாளில் அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சென்னை அண்ணா மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போக வேண்டும். கைரேகையும் படமும் எடுப்பதற்குத் தனி மையம், தனி நேரம். நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் விசா கையில் வருவதற்கு முன் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

படிவத்தில் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கூடக் கேட்பார்கள். ஏஜெண்டிடம் கொடுத்து நிரப்பினாலும், அனுப்புவதற்கு முன் நீங்களே உட்கார்ந்து ஒரு முறை படியுங்கள், அதில் இருப்பதற்குப் பொறுப்பு உங்களுடையது. நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏன் போகிறீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள், ஊரில் என்ன வேலை அல்லது சொத்து, குடும்பம் என்று கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னால் போதும். தமிழில் பேச விரும்பினால் தமிழிலேயே பேசலாம்.

பலரும் குழப்பிக்கொள்வது ஒன்று. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா 10 ஆண்டுக்கு இருக்கலாம். அதனால் 10 ஆண்டு இருக்கலாம் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் குடிவரவு அதிகாரி எத்தனை நாள் அனுமதிக்கிறாரோ அதுதான் கணக்கு. அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். ஊருக்குள் வந்ததும் இணையத்தில் அதை எடுத்துப் பார்த்து, நாட்காட்டியில் குறித்து வைத்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் மட்டும் வர வேண்டாம். இங்கே அவசரப் பிரிவில் ஒரு இரவு இருந்தால் ஆகும் செலவு ஊரில் ஒரு குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தால் திடீரென்று வரும் பிரச்சினைக்கும் காப்பீடு உண்டா என்று எழுத்தில் பார்த்து வாங்குங்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானமும் இறங்கும் இடமும்

சென்னையிலிருந்து சிகாகோவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி வழியாகவோ லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவோ ஒரு முறை மாறி வரலாம். அபுதாபி வழியில் ஒரு வசதி உண்டு: அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும், இங்கே உள்நாட்டுப் பயணி போல இறங்கி வெளியே நடக்கலாம். அதற்கு அபுதாபியில் போதிய நேரம் வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி உள்ள டிக்கெட்டை நான் பெரியவர்களுக்கு எடுப்பதில்லை. முழங்கால் வலி இருப்பவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். ஆங்கிலம் அதிகம் பேசாதவர்களுக்கும் அது பெரிய துணை. தள்ளி வருபவரே வரிசை, வாசல் எல்லாம் பார்த்துக்கொள்வார்.

பெட்டியில் பருப்புப்பொடி, கடையில் வாங்கிய ஊறுகாய், முறுக்கு வரலாம். கறிவேப்பிலை, மாம்பழம், காய்கறி, விதை, இறைச்சி கூடாது. சுங்கப் பகுதியில் மோப்ப நாய்கள் பெட்டிகளை முகர்ந்து வரும். உணவுப் பொருள் ஏதாவது இருந்தால் “இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் கூடாததை எடுத்துப் போடுவார்கள், அத்தோடு சரி. மறைத்தால்தான் அபராதம்.

வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஓஹேர் விமான நிலையத்தின் 5ஆவது முனையத்துக்கு வரும். நகருக்குள் போகும் ப்ளூ லைன் ரயில் நிலையம் 1, 2, 3 முனையங்களின் பக்கம் இருக்கிறது. முனையங்களுக்கு இடையே இலவசமாக ஓடும் சிறு ரயிலில் ஏறி அங்கே போக வேண்டும். ப்ளூ லைன் இரவும் பகலும் ஓடும், நகர மையத்துக்கு முக்கால் மணி நேரம். ஓஹேரில் ஏறும்போது மட்டும் 5 டாலர். ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டி, கூடவே வயதானவர்கள் என்றால் டாக்ஸிதான் நல்லது. ஒரே ஒரு கைப்பெட்டி என்றால் ரயிலை விடாதீர்கள், மாலை நெரிசலில் காரைவிட அது முன்னே போய்விடும்.

எங்கே தங்குவது?

நகர மையத்துக்கு லூப் என்று பெயர். தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடும் ரயில் பாதை 1897-ல் ஒரு வளையமாக முழுமையானது. இன்றும் அந்த வளையத்துக்குள்தான் நகரத்தின் இதயம். லூப்பிலோ, ஆற்றுக்கு வடக்கே ரிவர் நார்த்திலோ, மிஷிகன் அவென்யூ பக்கத்திலோ அறை எடுங்கள். எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். அறை எடுக்கும்போது ரயில் பாதையை ஒட்டிய பக்கம் வேண்டாம் என்று கேளுங்கள். வெல்ஸ் தெருவில் மூன்றாவது மாடியில் ஒரு முறை தங்கினோம். சன்னலுக்கு நேர் எதிரே ரயில் வளைந்து திரும்பும்போது சக்கரம் கிறீச்சிடும் சத்தம் விடியற்காலை வரை நின்றபாடில்லை.

இணையத்தில் பார்க்கும் வாடகையோடு 17 சதவீதத்துக்கு மேல் வரி சேரும். சில விடுதிகள் ‘வசதிக் கட்டணம்’ என்று நாளொன்றுக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்தே ஒப்பிடுங்கள். கார் கொண்டுவந்தால் விடுதியில் ஓர் இரவு நிறுத்துவதற்கே 50 டாலருக்கு மேல் ஆகும். நேப்பர்வில், அரோரா பக்கம் பிள்ளைகள் வீட்டில் இருப்பவர்கள் காரை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரா என்ற புறநகர் ரயிலில் நகர மையத்தின் யூனியன் ஸ்டேஷன் வந்து இறங்கலாம். ஒரு மணி நேரம்தான் ஆகும்.

ஊருக்குள் போய்வருவது

‘எல்’ என்று எல்லோரும் சொல்லும் மாநகர ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே கட்டண முறை. தொட்டுப் பணம் செலுத்தும் வங்கி அட்டையோ போனோ இருந்தால் போதும். இல்லாவிட்டால் நிலைய இயந்திரத்தில் வென்ட்ரா அட்டை வாங்குங்கள். ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் பாஸ் உண்டு. நான்கு நாள் தங்கி நாளுக்கு மூன்று முறை ஏறி இறங்குவதானால் பாஸ்தான் லாபம். இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட்டு வாருங்கள்.

இந்த ஊர் முகவரியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் பூஜ்யம். அங்கிருந்து வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எண் ஏறும். 800 எண்ணுக்கு ஒரு மைல். இந்தியக் கடைகள் இருக்கும் டெவான் அவென்யூ 6400 வடக்கு என்றால், நகர மையத்திலிருந்து எட்டு மைல் வடக்கே. அப்பா இரண்டாவது நாளே இதைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் எங்கள் கையில் இருந்த போனைவிட அவர் கணக்குதான் வேகமாக வழி சொன்னது.

போனை நம்ப முடியாத இடம் ஒன்றும் உண்டு. ஆற்றை ஒட்டிய வாக்கர் டிரைவ் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கடுக்காக ஓடும் சாலை. கீழ் அடுக்கில் ஜிபிஎஸ் தடுமாறும். டாக்ஸி அழைக்கும்போது நீங்கள் மேல் சாலையில் நிற்கிறீர்களா, கீழே நிற்கிறீர்களா என்று ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

முதல் விடியற்காலை: ஏரி

இங்கே கோடையில் இந்திய நேரத்தைவிட பத்தரை மணி நேரமும், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரமும் பின்னால். முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எல்லோரும் விழித்துக்கொள்வீர்கள். புரண்டு படுக்காதீர்கள். ஒரு மெல்லிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போங்கள்.

ஏரி என்று சொன்னால் நம் மனத்தில் வருவது வேறு. மிஷிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் பரப்பில் பாதியைக் கொஞ்சம் தொடாத அளவு. எதிர்க்கரை தெரியாது. அலை அடிக்கும், மணல் இருக்கும். ஏரி நகரத்துக்குக் கிழக்கே என்பதால் மெரினாவில் போலவே சூரியன் தண்ணீரிலிருந்து எழும். ஆனால் உப்பு வாசனை இருக்காது. அம்மா குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். “நல்ல தண்ணியா இருக்கே” என்று இரண்டு முறை சொன்னார். இந்த ஊர்க் குழாயில் வருவதும் இதே ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்ததுதான். தாராளமாகக் குழாயில் பிடித்துக் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

கரையை ஒட்டி 18 மைல் நீளத்துக்கு நடைபாதையும் சைக்கிள் பாதையும் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி யாருக்கும் விற்கப்படாமல் பொதுவாகவே இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1836-ல் நிலம் அளந்த வரைபடத்திலேயே கரையோரப் பகுதி ‘என்றென்றும் திறந்த வெளியாக, கட்டடம் இல்லாமல்’ பொதுநிலமாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதைக் காப்பாற்ற நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள். சதுப்புநிலமும் நீர்நிலையும் கட்டடமாகிப் போன ஊர்களிலிருந்து வரும் நமக்கு அந்தக் கரையில் நிற்கும்போது மனம் கனக்கிறது.

அன்றைக்கு அவ்வளவுதான். வேறு எதுவும் வைக்காதீர்கள். மதியம் தூக்கம் கண்ணைச் சுற்றும். மாலை பக்கிங்காம் நீரூற்று வரை ஒரு நடை போதும். வெயில் காலத்தில்தான் அது இயங்கும்.

இரண்டாம் நாள்: மில்லினியம் பார்க், கலைக்கூடம்

காலை எட்டு மணிக்குத் திறந்ததும் மில்லினியம் பார்க் போய்விடுங்கள். அனுமதி இலவசம். ‘பீன்’ என்று எல்லோரும் அழைக்கும் சிற்பத்துக்கு உண்மையான பெயர் கிளவுட் கேட். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்தது. 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்பே தெரியாதபடி தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். கிட்டப் போய் விரலால் தடவிப் பாருங்கள், ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்துவிடும். காலையில் போனால் கண்ணாடி போன்ற அதன் பரப்பில், வளைந்து தெரியும் கட்டடங்களுக்கு நடுவே உங்கள் குடும்பம் மட்டும் தெரியும்.

பூங்காவை ஒட்டித்தான் சிகாகோ கலைக்கூடம். செவ்வாய், புதன் விடுமுறை. மற்ற நாட்களில் 11 மணிக்குத் திறக்கும். உங்கள் நான்கு நாளில் இது எந்த நாளில் வருகிறது என்று பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடத்துக்கு நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. 1893 செப்டம்பர் 11 அன்று சுவாமி விவேகானந்தர் சர்வசமயப் பேரவையில் பேசியது இங்கேதான். அவர் இங்கே வரக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர்கள் சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும். வீடு வீடாகப் போய்ப் பயணத்துக்குப் பணம் சேர்த்தார்கள். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் அவரை ஊக்கப்படுத்தியவர். அவர் பேசிய பெரிய மண்டபம் பேரவைக்காகத் தற்காலிகமாக அமைத்தது, இப்போது இல்லை. அந்த இடத்தை ஒட்டி ஃபுல்லர்ட்டன் ஹால் இருக்கிறது. வாசலுக்கு வெளியே மிஷிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு விவேகானந்தர் பெயரைச் சூட்டிய பலகையும் உண்டு.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கால் விட்டுப்போகும். இரண்டரை மணி நேரம், ஆறேழு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாக ஜார்ஜ் சூரா வரைந்த ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா, எட்வர்ட் ஹாப்பரின் நள்ளிரவு உணவகம், கையில் வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு நிற்கும் விவசாயியை கிராண்ட் வுட் வரைந்தது, ஷகாலின் நீலக் கண்ணாடிச் சன்னல்கள். இவற்றோடு, ரயில் பாதைக்கு மேலே பாலம் போலப் போகும் ஆல்ஸ்டார்ஃப் கூடத்தை விட்டுவிடாதீர்கள். இந்தியச் சிற்பங்கள் அங்கேதான். கருங்கல்லில் ஐந்தடி உயரத்துக்கு மேல் ஒரு புத்தர், தியானத்தில், மடிமேல் கை வைத்து உட்கார்ந்திருப்பார். குறிப்பைப் படித்தால் நாகப்பட்டினம், 12ஆம் நூற்றாண்டு என்று இருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் துறவிகள் வந்து தங்கிய நாகப்பட்டினம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் அங்கே விகாரை கட்டினார், ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குத் தானமாகக் கொடுத்தார்கள். பள்ளியில் ஒரு வரியாகப் படித்த சங்கதி. அந்தக் கல்லின் எதிரில் அப்பா வெகுநேரம் நின்றார். அவர் பிறந்தது திருவாரூர் பக்கம்.

மாலையில் வாஷிங்டன் தெருவில் இருக்கும் சிகாகோ கல்ச்சுரல் சென்டர். 1897-ல் பொது நூலகமாகக் கட்டியது, அனுமதி இலவசம். மேலே டிஃபனி கண்ணாடிக் கூரையைப் பார்க்கலாம், உட்கார நாற்காலி உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு. பெரியவர்களோடு ஊர் சுற்றும்போது கழிப்பறை இருக்கும் இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். இது ஒன்று, ஸ்டேட் தெருவின் பழைய மேசிஸ் கடை இன்னொன்று.

மூன்றாம் நாள்: ஆறும் உயரமும்

சிகாகோவில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் படகைத்தான் சொல்வேன். கட்டடக்கலைப் படகுப் பயணம் என்று ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆற்றில் கூட்டிப்போய், இரு கரையிலும் உள்ள கட்டடங்களின் கதையைச் சொல்வார்கள். ஆளுக்கு 50 டாலரை ஒட்டி ஆகும். வசந்தத்திலிருந்து நவம்பர் வரை ஓடும். மேல் தளத்தில் உட்கார வேண்டும், அதனால் மழை இல்லாத நாளாகப் பார்த்து இரண்டு நாள் முன்பு டிக்கெட் எடுங்கள். காலை முதல் படகில் வெயில் முகத்தில் அடிக்காது.

கிளம்புவதற்கு முன் இரண்டு செய்தி தெரிந்திருந்தால் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும். 1871 அக்டோபரில் ஒரு தீ இந்த நகரத்தின் மையத்தையே அழித்தது, சுமார் ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அந்த வெற்றிடத்தில் புதிதாகக் கட்ட வந்தவர்கள்தான் இரும்புச் சட்டத்தில் உயரமாகக் கட்டும் முறையை வளர்த்தார்கள். 1885-ல் இங்கே எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை உலகின் முதல் வானளாவி என்று சொல்வது வழக்கம். இரண்டாவது, நீங்கள் போகும் ஆறு இயற்கையாக ஏரியில் விழுந்தது. நகரத்தின் கழிவும் அதோடு ஏரிக்குப் போய்க் குடிநீரைக் கெடுத்தது. 1900-ல் கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். இப்போது ஆறு ஏரியிலிருந்து வெளியே ஓடுகிறது.

ஆறு மூன்றாகப் பிரியும் இடத்தில் படகு திரும்பும். அங்கே பச்சைக் கண்ணாடியில் வளைந்து நிற்கும் 333 வாக்கர் டிரைவ் கட்டடத்தில் ஆறும் மேகமும் தெரியும். எதிர்ப்பக்கம் அடியில் குறுகி மேலே விரியும் ஒரு கட்டடத்தைப் பார்ப்பீர்கள். ரயில் பாதைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே கால் வைக்க இருந்த இடம் அவ்வளவுதான். சோளக்கதிர் போல இரட்டையாக நிற்பது மரீனா சிட்டி. அதன் கீழ் 19 மாடி முழுவதும் கார் நிறுத்தும் இடம், விளிம்பில் கார்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மதியத்துக்கு மேல் உயரம். வில்லிஸ் டவர் 110 மாடி, 442 மீட்டர். 1998 வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு உலகிலேயே உயரமான கட்டடம். பழைய ஜான் ஹான்காக் கட்டடம் 100 மாடி. இரண்டின் கட்டுமானத்துக்கும் மூளையாக இருந்த பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் ரஹ்மான் கான். ஒன்பது குழாய்களைக் கட்டாகக் கட்டியது போல வில்லிஸ் டவரை அமைத்தார். அதனால்தான் இந்தக் காற்றிலும் அது அவ்வளவு உயரம் நிற்கிறது. சிவில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு விஷயத்தை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டிலும் ஏறத் தேவையில்லை, ஒன்று போதும். வில்லிஸில் 103ஆவது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று காலுக்குக் கீழே தெருவைப் பார்க்கலாம். வரிசை நீளம். ஹான்காக்கின் 94ஆவது மாடியில் ஏரியும் கரையும் சேர்ந்து தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஏறினால் பகலையும் விளக்கு எரியும் நகரத்தையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். கிளம்புமுன் சன்னல் வழியாக உச்சியைப் பாருங்கள். மேகம் மூடியிருந்தால் அன்று வேண்டாம்.

மழை வந்தால் இந்த நாளையும் முந்தைய நாளையும் மாற்றிப் போடுங்கள். கலைக்கூடத்துக்கு வானிலை ஒரு பொருட்டில்லை.

நான்காம் நாள்: இரண்டில் ஒன்று

குழந்தைகள் இருந்தால் வடக்கே போங்கள். லிங்கன் பார்க் விலங்குப் பூங்கா ஆண்டு முழுதும் இலவசம், 151 பேருந்து அங்கே போகும். அங்கிருந்து டெவான் அவென்யூ. ரெட் லைனில் லோயோலா நிலையத்தில் இறங்கி 155 பேருந்தில் ஏறினால் போதும். தெருவின் ஒரு பகுதிக்கு காந்தி பெயர், அடுத்த பகுதிக்கு ஜின்னா பெயர். புடவைக் கடை, இனிப்புக் கடை, ஹலால் இறைச்சிக் கடை, தோசைக்கடை எல்லாம் வரிசையாக இருக்கும். இன்று அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பியிருக்கும் பட்டேல் பிரதர்ஸ் மளிகைக் கடை 1974-ல் இந்தத் தெருவில்தான் தொடங்கியது. நாலு நாள் ரொட்டி தின்ற நாக்குக்கு அங்கே ஒரு சாம்பார் கிடைக்கும்போது பெரியவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

படிப்பில் ஆர்வம் உள்ளவர்கள் தெற்கே ஹைட் பார்க் போங்கள். நகர மையத்திலிருந்து 6ஆம் எண் பேருந்து. சிகாகோ பல்கலைக்கழகம் அங்கே. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் வாழ்நாளின் பெரும்பகுதி இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பணியாற்றினார். குறுந்தொகையையும் நம்மாழ்வாரையும் ஆங்கில உலகுக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜன் கற்பித்ததும் இங்கேதான். எல்லிஸ் அவென்யூவில் ஹென்றி மூர் செய்த ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. 1942 டிசம்பர் 2 அன்று மனிதர் உண்டாக்கிய முதல் அணுக்கருத் தொடர்வினை அந்த இடத்தில்தான் நடந்தது. அமைதியான, மரநிழல் நிறைந்த பகுதி. நடந்துகொண்டே ஏரிப் பக்கம் வந்தால் கிரிஃபின் அறிவியல் தொழில் அருங்காட்சியகம், உள்ளே இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல். நேரம் இருந்தால் அதற்கே அரை நாள் கொடுக்கலாம்.

சாப்பாடும் பணமும்

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச் சாற்றில் செய்திருக்கலாம். “இறைச்சி, மீன், கோழிச் சாறு எதுவும் கூடாது” என்று பிரித்துச் சொல்லுங்கள். இந்த ஊருக்கே உரிய டீப் டிஷ் பீட்சா 1943-ல் பிறந்தது. கீரை வைத்தது கிடைக்கும். வேக முக்கால் மணி நேரம் ஆகும், பசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு ஒன்றரைத் துண்டுக்கு மேல் இறங்காது, மூன்று பேருக்குச் சின்னது போதும்.

விலைப்பட்டியலில் இருப்பது நீங்கள் கொடுக்கப்போகும் தொகை அல்ல. 40 டாலருக்குச் சாப்பிட்டால் வரி நாலரை டாலரைத் தாண்டும், பரிமாறியவருக்கு டிப்ஸ் 20 சதவீதம், அதாவது 8 டாலர். ஆக 53 டாலர். டிப்ஸ் விருப்பப்பட்டால் கொடுப்பது என்று நினைக்காதீர்கள், பரிமாறுபவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் ரசீதில் பாருங்கள். கவுண்டரில் நின்று வாங்கும் கடையில் கட்டாயமில்லை.

பாதுகாப்பு

செய்திகளில் வரும் துப்பாக்கிச் சூடுகள் பெரும்பாலும் தெற்கு, மேற்குப் பகுதிகளில் சில குடியிருப்புகளில் நடப்பவை. மேலே சொன்ன இடங்களில் பகலில் நிம்மதியாக நடக்கலாம். இரவு பத்துக்கு மேல் ரயிலில் ஏறினால் ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் உட்காருங்கள். கதவு அருகே நின்று போனைக் கையில் பிடித்துப் பார்க்காதீர்கள், கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். எங்கள் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் போனது, அதில்தான் திரும்பும் டிக்கெட்டும் விடுதி முகவரியும் இருந்தன. அதனால் விடுதி முகவரி, பிள்ளைகள் எண், காப்பீட்டு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு 911. இணைப்பில் “டமில்” என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்க முயல்வார்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள்.

திரும்பும் நாள்

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு ஓஹேரில் இருக்க வேண்டும். மாலை நான்கு முதல் ஏழு வரை நெடுஞ்சாலை அசையாது, அந்த நேரத்துக்கு ப்ளூ லைன்தான். பெட்டியை முந்தின இரவே எடை போட்டுவிடுங்கள். விமானம் இரவில் என்றால் விடுதியில் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் காலை நேரத்தை ஏரிக்கரைக்கே வைத்திருங்கள். நாங்கள் ஓக் தெருக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது அம்மா ஒரு கூழாங்கல்லை எடுத்து, மணலைத் தட்டி, புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.